மாநிலப் பூங்கா பாஸ்: பணம் கட்டுமுன் லைப்ரரியில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடையில் போய்வரக்கூடிய மாநிலப் பூங்காக்களைப் பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. இடத் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாஸ் விஷயத்தை மட்டும் 'ஆண்டு பாஸை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். முழு விலை கொடுத்து ஆண்டு பாஸ் வாங்குவது கடைசி வழி. அதற்கு முன்னால் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கைந்து உண்டு. அவற்றில் பாதி பூங்காத் துறையின் முகப்புப் பக்கத்தில் கண்ணில் படுவதே இல்லை.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். 80 டாலர் கொடுத்து வாங்கும் 'அமெரிக்கா த பியூட்டிஃபுல்' பாஸ் மத்திய அரசின் நிலங்களுக்கானது. தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனங்களிலும் செல்லும். மாநிலப் பூங்கா வாசலில் பொதுவாக அதற்கு மதிப்பில்லை. மாநிலப் பூங்காக்கள் அந்தந்த மாநிலத் துறையின் கையில் இருப்பவை. ஒரு மாநிலத்தின் பாஸ் அடுத்த மாநிலத்திலும் செல்லாது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இது நன்றாகத் தெரியும். மியூர் வுட்ஸ் மத்திய அரசுடையது. அதைச் சுற்றியிருக்கும் மவுண்ட் டாமல்பயஸ் மாநிலப் பூங்கா. ஒரே மலை, ஒரே சாலை, ஆனால் பாஸ் இரண்டு.

மாநிலத்தின் பெயரைத் தாங்கி நிற்பதெல்லாம் மாநிலப் பூங்காத் துறையுடையது என்றும் எண்ணிவிடக் கூடாது. அட்லாண்டா தமிழர்கள் விருந்தினர் வந்தால் தவறாமல் அழைத்துப் போகும் ஸ்டோன் மவுண்டன் தனி ஆணையத்தின் கீழ் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் பார்க்பாஸ் அங்கே செல்லாது. ஜெக்கில் தீவிலும் அப்படித்தான். கலிபோர்னியாவில் 'ஸ்டேட் பீச்' என்று பலகை இருந்தும் கவுண்டியோ நகரமோ நடத்தும் கடற்கரைகள் உண்டு. அங்கே பார்க்கிங் வசூல் அவர்களுடையது, மாநில பாஸை ஏற்பதில்லை. ஆகவே போக நினைக்கும் இடத்தை நடத்துவது யார் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பூங்காவின் பக்கத்தில் 'கட்டணம்' என்ற பகுதியைத் திறந்தால், ஏற்கும் பாஸ்களின் பட்டியல் அங்கேயே இருக்கும்.

சில மாநிலங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பென்சில்வேனியா, ஒஹாயோ, மிசூரி, ஆர்கன்சா மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. கேம்பிங், கேபின், படகு, நீச்சல்குளம் போன்றவற்றுக்கு மட்டும் தனியே கட்ட வேண்டும். பிட்ஸ்பர்க்கிலோ கொலம்பஸிலோ இருப்பவருக்கு யாராவது 'ஸ்டேட் பார்க் பாஸ்' விற்க வந்தால் சந்தேகப்படுவது நல்லது.

இனி லைப்ரரி. கட்டணம் உள்ள மாநிலங்களில் மிக மலிவான வழி இதுதான். நம்மவர்களுக்கு அதிகம் தெரியாததும் இதுதான். குழந்தைக்குப் புத்தகம் எடுக்கும் அதே கார்டில் பூங்கா பாஸையும் எடுத்துப்போகலாம்.

கலிபோர்னியாவில் 2022 முதல் பொது நூலகங்கள் மாநிலப் பூங்கா பாஸை இரவல் தருகின்றன. கண்ணாடியில் தொங்கவிடும் அட்டை அது. ஒன்பது பேர் வரை அமரும் ஒரு கார் அல்லது ஒரு மோட்டார் சைக்கிள், 200-க்கும் மேற்பட்ட பூங்காக்களில் பகல்நேர நுழைவுக் கட்டணம் இல்லாமல் உள்ளே போகலாம். 2024-ல் நிதி நெருக்கடியால் இத்திட்டம் நிறுத்தப்படும் நிலைக்கு வந்து, பிறகு நீட்டிக்கப்பட்டது. ஆகவே உள்ளூர்க் கிளையில் இப்போது எத்தனை பாஸ் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவது உத்தமம். கொலராடோ நூலகங்கள் ஒரு முதுகுப்பையாகவே தருகின்றன. ஏழு நாள் செல்லும் பாஸோடு பைனாகுலரும் பறவை விலங்குகளை அடையாளம் காணும் கையேடும் அதில் இருக்கும். வாஷிங்டன் மாநிலத்திலும் அதன் பூங்கா பாஸான டிஸ்கவர் பாஸ் வைத்த பைகள் பல நூலகங்களில் உண்டு. நியூயார்க்கில் பல நூலகங்கள் எம்பயர் பாஸ் கார்டை இரவல் தருகின்றன. மாசசூசெட்ஸில் ஊர் நூலகங்கள் தரும் பாஸ்களில் பலவற்றை 'நூலக நண்பர்கள்' குழுக்கள் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. ஜார்ஜியாவில் பார்க்பாஸும், மினசோட்டாவில் ஏழு நாள் பாஸும் குறிப்பிட்ட நூலகங்களில் கிடைக்கும்.

எடுக்கும் முறை புத்தகம் எடுப்பது போலத்தான், ஆனால் தேடும் சொல் தெரியாமல் பலர் கோட்டை விடுகிறார்கள். நூலகத்தின் தேடல் பெட்டியில் 'ஸ்டேட் பார்க்' என்று மட்டும் அடித்தால் பயணப் புத்தகங்கள் நூறு வந்து நிற்கும். மாநிலம் வைத்திருக்கும் பாஸின் பெயரையே அடிக்க வேண்டும்: டிஸ்கவர் பாஸ், எம்பயர் பாஸ், பார்க்பாஸ். சில நூலகங்கள் இதைப் புத்தகப் பட்டியலில் சேர்க்காமல் 'மியூசியம் பாஸ்' என்ற தனிப் பக்கத்தில் வைத்திருக்கும். எதிலும் தென்படாவிட்டால் முன்மேசையில் கேட்டுவிடலாம். சில கிளைகளில் பாஸுக்கு ஹோல்ட் (நமக்காக எடுத்துவைக்கச் சொல்லும் முன்பதிவு) போட முடியும், சிலவற்றில் முந்துபவருக்குத்தான். ஹோல்ட் போட முடிகிற இடத்தில் ஜூன் மாதப் பயணத்துக்கு ஏப்ரலிலேயே போட்டுவிட வேண்டும். லாங் வீக்கெண்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை போய் நின்றால் வெறுங்கைதான். ஹோல்ட் இல்லாத கிளையில் ஞாயிறு மாலையும் திங்கள் காலையும் பாஸ்கள் திரும்பி வரும் நேரம், அப்போது கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பள்ளி திறந்தபின் செப்டம்பர், அக்டோபரில் வரிசை சட்டென்று குறைந்துவிடும். இலையுதிர்கால வண்ணம் பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் வேறில்லை.

இரவல் பாஸில் வழக்கமாக வரும் சிக்கல்கள் சில. அட்டையைப் போட்டோ எடுத்துப் போனில் காட்டினால் ரேஞ்சர் ஏற்கமாட்டார், அசல் அட்டை காரில் இருக்க வேண்டும். இரண்டு கார்களில் போனால் ஒரு காருக்குத்தான் பாஸ். கேம்பிங், படகு இறக்கும் தளம், வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது இவையெல்லாம் இதில் அடங்காது. கலிபோர்னியாவின் ஹர்ஸ்ட் காஸில் மாளிகையைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் தனி. அட்டையைத் தொலைத்தால் மாற்றுக் கட்டணம் நூலகக் கணக்கில் ஏறும். அது எவ்வளவு என்பதை எடுக்கும்போதே கேட்டு வையுங்கள். வாடகைக் காரைத் திருப்பித் தரும்போது கண்ணாடியில் தொங்கும் அட்டையை மறந்துவிட்டு வருவதுதான் தொலைவதற்கு முக்கியக் காரணம்.

இன்னொன்று: நூலகக் கார்டு எந்த ஊருடையது என்பதும் கணக்கில் வரும். சில நூலகங்கள் தங்கள் ஊரில் குடியிருப்பவருக்கே பாஸ் கொடுக்கும். பக்கத்து ஊர்க் கார்டில் புத்தகம் எடுக்க முடிந்தாலும் பாஸ் எடுக்க முடியாது. மறுபுறம், ஊர் நூலகத்தில் இல்லாமல் கவுண்டி நூலகத்தில் இருப்பதும் உண்டு. இரண்டு கார்டும் இலவசம்தான், இரண்டையும் வைத்திருப்பதில் நஷ்டமில்லை.

அடுத்தது, பலர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு அது தெரியாமலே இருக்கும் வகை. சில மாநிலங்களில் வாகனப் பதிவோடு பூங்கா நுழைவையும் சேர்த்துவிட்டார்கள். கனெக்டிகட்டில் 2018 முதல், அம்மாநில நம்பர் பிளேட் உள்ள கார்களுக்கு மாநிலப் பூங்காக்களில் பார்க்கிங் கட்டணம் இல்லை; அதற்கான தொகை பதிவுக் கட்டணத்திலேயே வாங்கப்படுகிறது. மொன்டானாவிலும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத உள்ளூர்க் கார்களுக்கு நுழைவு இலவசம். மிச்சிகனில் 2010 அக்டோபர் முதல் 'ரிக்ரியேஷன் பாஸ்போர்ட்' நடைமுறையில் இருக்கிறது. பிளேட்டைப் புதுப்பிக்கும்போது சேர்த்துக் கட்டினால், பிளேட்டில் ஒட்டும் சின்னத் தாளில் 'பி' என்ற எழுத்து அச்சாகி வரும். அந்த எழுத்துதான் பாஸ். புதுப்பிக்கும்போது விட்டுவிட்டுப் பூங்கா வாசலில் வாங்கினால் கூடுதலாகக் கட்ட நேரும்.

கொலராடோவில் 2023-ல் 'கீப் கொலராடோ வைல்ட்' பாஸ் வந்தது. 29 டாலர் என்று தொடங்கியது. வேண்டாம் என்று சொன்னால் ஒழியப் பதிவுக் கட்டணத்தில் தானாகச் சேர்ந்துவிடும். தனியே வாங்கும் ஆண்டு பாஸ் 80 டாலர். பதிவு நோட்டீஸில் ஏதோ கூடுதல் தொகை என்று அதை நீக்கிவிட்டு, பிறகு 80 டாலர் கொடுத்து பாஸ் வாங்குகிறவர்கள் உண்டு. அங்கே பாஸின் அடையாளம் பிளேட்டில் இல்லை, பதிவு அட்டையில் அச்சாகும் சின்னத்தில் இருக்கிறது. பதிவு அட்டையை வீட்டு ஃபைலில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனால் வாசலில் காட்ட ஒன்றும் இருக்காது.

இந்த வகை பாஸ் காரோடு ஒட்டியது. வாடகைக் காருக்கும், நண்பர் காருக்கும், வேறு மாநிலப் பிளேட் இன்னும் மாற்றாத காருக்கும் செல்லாது. வேலை மாறி மாநிலம் மாறியவர்கள் பிளேட் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் இது இன்னொரு நஷ்டம்.

வயதுச் சலுகைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போதுதான் நம் வீடுகளில் பூங்காப் பயணமே அதிகம் நடக்கிறது, ஏமாற்றமும் அங்கேதான். மாநிலங்கள் தரும் முதியோர் சலுகை பெரும்பாலும் அந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்கு மட்டும். விசிட்டர் விசாவில் வந்த 70 வயதுத் தந்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் வயது நிரூபணமாகும், குடியிருப்பு நிரூபணமாகாது. நியூயார்க்கின் 'கோல்டன் பார்க்' திட்டத்தில் 62 வயது நிறைந்த அம்மாநிலவாசிகளுக்கு வார நாட்களில் வாகன நுழைவு இலவசம். அரசு விடுமுறை நாட்களிலும் சனி ஞாயிறுகளிலும் கிடையாது. பாஸ் எதுவும் வாங்க வேண்டாம், விண்ணப்பமும் இல்லை. நியூயார்க் டிரைவர் லைசென்ஸ் அல்லது ஓட்டுநர் அல்லாதோர் அடையாள அட்டையை வாசலில் காட்டினால் போதும். ஆனால் அந்த அட்டை இல்லாமல் முடியாது.

கிரீன் கார்டில் வந்து பிள்ளைகளோடு தங்கிவிட்ட பெற்றோர் நிலை வேறு. கார் ஓட்டாதவர்கள் என்பதால் அவர்களுக்கு மாநில அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்றே பல வீடுகளில் தோன்றுவதில்லை. அதை எடுத்துவிட்டால் கதவுகள் பல திறக்கும். நியூ ஜெர்சியில் 62 வயதான மாநிலவாசிகளுக்குப் பூங்கா பாஸ் இலவசம். மாசசூசெட்ஸில் 62 வயதுக்கு மேல் 10 டாலருக்கு ஆயுள் முழுவதும் செல்லும் பார்க்கிங் பாஸ். வயது குறைந்த மாசசூசெட்ஸ்வாசிகளுக்கு ஓர் ஆண்டுக்கே 60 டாலர். மேரிலாண்டின் 'கோல்டன் ஏஜ்' பாஸும் 62 வயதுக்கு மேல் 10 டாலருக்கு ஆயுள் பாஸ். கனெக்டிகட்டில் 65 வயதானவர்களுக்கு 'சார்ட்டர் ஓக்' பாஸ் இலவசம். பார்க்கிங்தான் ஏற்கெனவே இலவசம் ஆயிற்றே, இது எதற்கு என்றால், ஜில்லெட் காஸில், டைனோசர் பூங்கா போல உள்ளே நுழைய ஆளுக்குக் கட்டணம் வாங்கும் இடங்களுக்கு. டெக்சஸில் 65 வயதான மாநிலவாசிகளுக்கு நுழைவுக் கட்டணம் பாதி. அடையாள அட்டையோடு பூங்கா அலுவலகத்துக்கு நேரில் போய் 'பார்க்லாண்ட்ஸ் பாஸ்போர்ட்' கேட்க வேண்டும்.

மத்திய அரசின் முதியோர் பாஸ் மாநிலப் பூங்காவுக்கு உதவாது என்றாலும், கிரீன் கார்டு பெற்றோர் 62 வயதானால் அதையும் வாங்கிவிடுவது நல்லது. ஓர் ஆண்டுக்கு 20 டாலர், ஆயுளுக்கு 80. கிராண்ட் கேன்யன் வாசலில் காரில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது செல்லும்.

முதியோர் சலுகை என்று பெயர் இருப்பதாலேயே அது மலிவு என்று நம்பிவிட வேண்டாம். கொலராடோவில் 64 வயது நிறைந்தோருக்கான 'ஆஸ்பென் லீஃப்' ஆண்டு பாஸ் 70 டாலர். கார் வைத்திருக்கும் முதியவருக்கு முன்பு சொன்ன பதிவு பாஸ் அதில் பாதி விலைகூட இல்லை. கலிபோர்னியாவில் 62 வயதானவர்களுக்கு 20 டாலருக்குக் கிடைக்கும் 'லிமிடெட் யூஸ் கோல்டன் பேர்' பாஸ் லேபர் டே முதல் மெமோரியல் டே வரையிலான கூட்டமில்லாத மாதங்களில் மட்டும் செல்லும். கோடையில் கடற்கரைக்குப் போக நினைத்து வாங்கினால் வீண். குளிர்காலத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு அதுவே பேரம்.

விசிட்டர் விசாப் பெற்றோர் வந்திருக்கும் வீட்டுக்கு என்ன வழி என்றால், ஆளைப் பார்க்காமல் காரைப் பார்க்கும் பாஸ். நியூயார்க்கின் எம்பயர் பாஸ் (ஓர் ஆண்டுக்கு 80 டாலர்), கலிபோர்னியாவின் நூலக பாஸ், வாஷிங்டனின் டிஸ்கவர் பாஸ் எல்லாம் காருக்கானவை. காரில் இருப்பவர் எந்த விசாவில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. நயாகராவுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. அருவி இருப்பது 1885-ல் ஏற்பட்ட, நாட்டிலேயே பழைய மாநிலப் பூங்காவில். உள்ளே நடந்துபோக டிக்கெட் இல்லை, பார்க்கிங்கிற்குத்தான் கட்டணம். 'மெய்ட் ஆஃப் த மிஸ்ட்' படகுக்கு எந்தப் பாஸும் உதவாது.

உடல் அல்லது மனவளர்ச்சி சார்ந்த குறைபாடு உள்ளவர்களுக்கான பாஸைப் பற்றி நம்மவர்கள் வாய்திறந்து கேட்பதே இல்லை. கேட்க வேண்டும். நியூயார்க்கின் 'ஆக்சஸ் பாஸ்' இலவசம். வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளும் தகுதி பெறலாம், குழந்தை காரில் இருந்தால் குடும்பமே கட்டணமின்றிப் போகலாம். மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்பதால் குளிர்காலத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. கலிபோர்னியாவில் 3.50 டாலர் ஒரு முறை கட்டினால் பகல்நேர நுழைவு, கேம்பிங், படகுக் கட்டணங்களில் ஆயுள் முழுவதும் பாதித் தள்ளுபடி. கொலராடோவின் 'கொலம்பைன்' பாஸ் 14 டாலர். மாசசூசெட்ஸில் மாற்றுத்திறனாளி அட்டை அல்லது பிளேட் இருந்தாலே மாநிலப் பூங்கா பார்க்கிங் இலவசம், வேறு பாஸ் வேண்டாம். ராணுவத்தில் பணியாற்றிக் காயமுற்றவர்களுக்கும் பெரும்பாலான மாநிலங்களில் இலவச பாஸ் உண்டு. பிள்ளைகள் படையில் சேர்ந்திருக்கும் வீடுகள் கவனிக்க.

வருமானம் குறைந்தோருக்கும் தனி வழி இருக்கிறது. கலிபோர்னியாவின் 'கோல்டன் பேர்' பாஸ், கால்வொர்க்ஸ் (ஏழைக் குடும்பங்களுக்கான மாநில உதவி) அல்லது எஸ்.எஸ்.ஐ. (வருமானம் குறைந்த முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு உதவி) பெறுவோருக்கும் வருமான வரம்புக்குள் வரும் முதியோருக்கும் உரியது. கொலராடோவின் 'சென்டெனியல்' பாஸ் வருமான வரம்புக்குட்பட்ட மாநிலவாசிகளுக்கு 14 டாலர். வேலை போய் வருமானம் நின்ற ஆண்டில் கொலராடோ வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் நான்காம் வகுப்புக் குழந்தை இருந்தால் அந்த ஓராண்டை விடாதீர்கள். கலிபோர்னியா 2021-ல் நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு 'அட்வென்சர் பாஸ்' தொடங்கியது. 19 பூங்காக்களில் ஆரம்பித்தார்கள், பிறகு பட்டியலைக் கூட்டினார்கள். மத்திய அரசும் அதே வகுப்புக்குத் தேசியப் பூங்கா பாஸை இலவசமாகத் தருகிறது. இரண்டுக்கும் தனித்தனியே பதிய வேண்டும். ஒன்று இருந்தால் மற்றதும் இருப்பதாக நினைத்து வாசலில் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

இலவச நாட்களும் உண்டு. மினசோட்டாவில் ஆண்டுக்கு நான்கு. நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள் வெள்ளி அவற்றில் ஒன்று. கொலராடோவில் ஆகஸ்ட் முதல் திங்கள். விஸ்கான்சினில் ஜூன் முதல் வார இறுதி. வாஷிங்டனில் புத்தாண்டு நாள் உட்பட ஆண்டு முழுவதும் பல நாட்கள். கலிபோர்னியாவில் ரெட்வுட் பூங்காக்கள் பலவற்றுக்கு அதே நவம்பர் வெள்ளியன்று 'சேவ் த ரெட்வுட்ஸ் லீக்' என்ற அமைப்பு 2015 முதல் இலவச நுழைவுக்கு ஏற்பாடு செய்துவருகிறது, அதற்கு முன்பதிவு வேண்டும். இலவச நாளில் கூட்டம் இரட்டிப்பாகும். காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர முடியாதவர்கள் பத்து டாலர் கொடுத்து வேறொரு நாள் போவதே நிம்மதி.

இத்தனையும் பார்த்தபின் முழு விலைதான் என்றால், வாங்குமுன் ஒரு சின்னக் கணக்கு. டெக்சஸில் ஆண்டு பாஸ் 70 டாலர். அதே வீட்டில் இன்னொருவருக்கு இரண்டாவது கார்டு 25. அங்கே கட்டணம் ஆளுக்கு, ஆனால் 12 வயது வரை குழந்தைகளுக்கு இலவசம், ஒரு பாஸ் காரில் உடன் வருபவர்களுக்கும் செல்லும். ஆளுக்கு 5 டாலர் வாங்கும் பூங்காவுக்கு நான்கு பெரியவர்கள் போனால் ஒரு தடவைக்கு 20. நான்காவது பயணத்தில் பாஸ் லாபம். கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள் என்றால் அதே பாஸ் எட்டாவது பயணத்தில்தான் லாபம். வாஷிங்டனில் காருக்கு ஒரு நாள் 10. ஆண்டு பாஸ் நெடுங்காலம் 30 ஆக இருந்து 2025 அக்டோபரில் 45 ஆனது. அதில் இரண்டு காரின் எண்களை எழுதிக்கொள்ளலாம். மாநில நிலங்களில் 24 மணி நேரம் தன்னார்வப் பணி செய்தால் இலவசமாகவே கிடைக்கும். கலிபோர்னியாவில் 195 டாலர் 'எக்ஸ்ப்ளோரர்' பாஸ் இருக்கிறது, 125 டாலர் 'கோல்டன் பாப்பி' பாஸும் இருக்கிறது. பின்னதில் தென் கலிபோர்னியாவின் கூட்டம் மிகுந்த கடற்கரைகள் பல அடங்காது. சான் டியேகோ பக்கம் இருப்பவர் 70 டாலர் மிச்சம் என்று அதை வாங்கினால் வருத்தப்படுவார்.

எப்போது வாங்குகிறோம் என்பதும் முக்கியம். நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் ஆண்டு பாஸ்கள் டிசம்பர் 31-ல் முடிந்துவிடும். ஆகஸ்டில் வாங்கினால் அதே பணத்துக்கு நான்கைந்து மாதம்தான். டெக்சஸ், மினசோட்டா, வாஷிங்டன் பாஸ்கள் வாங்கியதிலிருந்து ஓராண்டு ஓடும், அங்கே எப்போது வாங்கினாலும் ஒன்றுதான்.

வாங்கும் இடம் பூங்கா அலுவலகமாகவோ மாநிலத் துறையின் தளமாகவோ இருக்கட்டும். தேடலில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் சேவைக் கட்டணம் என்று கூடுதலாகப் பிடுங்கும். அதற்காக டாட் காம் எல்லாம் போலி என்றும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவின் அதிகாரப்பூர்வ முன்பதிவுத் தளமான ரிசர்வ் கலிபோர்னியாவே டாட் காம்தான். துறையின் டாட் கவ் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள இணைப்பு வழியாகப் போனால் குழப்பமில்லை. பேஸ்புக் குழுக்களில் 'பயன்படுத்தாத பாஸ், பாதி விலை' என்று வருவதைத் தொடவே வேண்டாம். பிரித்தெடுத்த ஸ்டிக்கர் செல்லாது, பெயரில் கொடுத்த கார்டும் கைமாறாது.

கடைசியாக, பாஸ் இருந்தும் திருப்பி அனுப்பப்படுகிறவர்களைப் பற்றி. பாஸ் என்பது கட்டண விலக்கு. இடத்துக்கு உத்தரவாதம் அல்ல. டெக்சஸின் என்சாண்டட் ராக், கார்னர் போன்ற பூங்காக்கள் வார இறுதிகளில் முன்பதிவிலேயே நிறைந்துவிடும். அங்கே பாஸ் எண்ணைக் கொடுத்துப் பூஜ்யக் கட்டணத்துக்கு நாள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாஸ் வைத்திருப்பவர்கள் பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். கொலராடோவின் எல்டொராடோ கேன்யனில் கோடை வார இறுதிகளில் நேரம் குறித்த முன்பதிவு வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் பதிவும் பாஸும் இரண்டும் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். நியூ ஜெர்சிப் பூங்காக்கள் கார் நிறைந்ததும் வாசலை மூடிவிடும். ஜூலை ஞாயிறு மதியம் சமையல் பாத்திரங்களோடு போய்ச் சேர்கிறவர்கள் திரும்பித்தான் வர வேண்டியிருக்கும்.

தங்கள் பயணப் பக்கத்தில் இனி பூங்காக்களைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொரு பெயருக்கும் கீழே இரண்டு வரி சேர்த்தால் உதவியாக இருக்கும்: அதை நடத்துவது மாநிலமா, மத்திய அரசா, கவுண்டியா என்பது ஒன்று, முன்பதிவு கட்டாயமா என்பது மற்றொன்று. அந்த மாநிலத்தின் இலவச நாட்களை மெமோரியல் டேக்கு முந்தைய வார இதழில் அச்சிட்டால், நூலகத்தில் ஹோல்ட் கிடைக்காதவர்களும் பயன்பெறுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நியூ ஜெர்சி